சின் ஃபெய்ன் என்றால் 'நாங்களே'

பேக்கரி வேலை முடிந்து, தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே மியூனிக் தமிழ்க் கடைக்குள் போய்விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருக்கலாம்.

கடையில் நின்ற தெரிந்த அண்ணை ஒருவர், கூட வந்த என் மகளிடம் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

"நாளைக்கு வகுப்பிலை பேசோணும் மாமா. சின் ஃபெய்ன் எண்ட அயர்லாந்துக் கட்சியின்ரை பேரைப் பற்றி."

"அதுக்கு 'நாங்கள் மட்டும்' எண்டு அர்த்தம்."

"இல்லை மாமா, அது இங்கிலீசிலை பிழையாப் பரவினது. ஐரிஷிலை 'நாங்களே' எண்டுதான் வரும். கட்சி தொடங்க முதலே, தங்கடை மொழியைக் காப்பாற்ற நிண்ட ஆக்கள் சொன்னது."

"நான் லண்டனிலை இருந்தனான் பிள்ளை. நீர் முதல்லை தமிழை ஒழுங்காக் கதையும், பிறகு ஐரிஷ் படிப்பிக்கலாம்!"

கடையே சிரித்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது முழுக்கத் தமிழில். ஐரிஷ் சொல்லுக்கு லண்டனில் கேட்ட அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், அவளுக்குத் தமிழ் வராது என்கிறார்!

வெளியே வந்ததும், "அப்பா, அந்த மொழிக் கதையை நாளைக்கு வகுப்பிலை சொல்லாமல் விடுறன்" என்றாள். ஜெர்மனில் சொன்னாள். என்னோடு அவள் ஒருநாளும் ஜெர்மனில் பேசியதில்லை.

ஊரில் ஓ.எல். பரீட்சையில் கணக்கிலேயே கோட்டை விட்டவன் நான், அரசியல் எனக்கு எட்டாது. ஆனாலும் இன்னும் கொதிக்கிறது. நீங்களென்றால் கேட்டிருப்பீர்களோ தெரியாது, நான் மரியாதைக்காக விழுங்கிவிட்டேன்:

"அண்ணை, உங்கடை பிள்ளையள் ஏன் உங்களோடை கடைக்கு வாறேல்லை?"