நின்றிருந்த வண்டி

வாசித்துக் காட்டினேன் என்று கையெழுத்திட்டேன். வாசித்துக் காட்டவில்லை.

இதுதான் நான் செய்த குற்றம். ஒரு பெண்ணின் பிரமாணப் பத்திரத்தின் அடியில், ‘மேற்கண்டவை அனைத்தும் மனுதாரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டன, அவர் புரிந்துகொண்டு ஒப்பமிட்டார்’ என்றொரு வரி. அதன் கீழே என் பெயர், என் விலாசம், என் கையெழுத்து. அந்த வரி பொய்!

செம்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான் அதிகம். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. தாராவியிலிருந்தும் வடாலாவிலிருந்தும் வரும் தமிழர்கள் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். என் தமிழ் வேறு, அவர்கள் தமிழ் வேறு. ஆனால் புரியவில்லை என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. எஸ்தர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

எஸ்தரின் கணவர் ஜெபராஜ் தாராவியில் தோல் பை தைப்பவர். இருவரும் மோட்டார் சைக்கிளில் விக்ரோலிக்குப் போகும் வழியில், பின்னாலிருந்து வந்த லாரி மோதிவிட்டது. எஸ்தருக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஜெபராஜுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. தலையிலும் பலமான அடி. அன்றைய நாள் முழுவதும் அவர் நினைவிலிருந்து அழிந்துவிட்டது. வேறு சாட்சி இல்லை. வண்டி குறுக்கே திரும்பியது என்று லாரிக்காரன் சொல்லிவிட்டான். அப்படி இல்லை என்று சொல்ல எஸ்தர் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் சொல்ல வந்த மாலை எனக்கு அவசரம். என்ன தலைபோகிற அவசரம் என்று கேட்பீர்கள்... சயானில் ஆறரை மணிக்குக் கச்சேரி. டிக்கெட் கைப்பையில். எழுதவே கூசுகிறது!

அவளோ ஆதியிலிருந்து தொடங்கினாள். நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம், அதற்கு எடுத்த கவுன், கவுனுக்கு ஏற்ற தொப்பி கிடைக்காமல் அலைந்தது... நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பார்க்கும்படியாகவே பார்த்தேன்.

“எஸ்தர், இதெல்லாம் கோர்ட்டுக்கு வேண்டாம். லாரி எப்படி மோதித்து, அதை மட்டும் சொல்லும்மா.”

“அதத்தான் சொல்ல வாரேன் அக்கா. என் சேல முந்தி காத்துல பறந்து சக்கரத்துக்கிட்ட போயிட்டு. சுத்திரப் போவுது, நிறுத்துங்க நிறுத்துங்கன்னேன். அவிய வண்டிய ஓரமா ஒதுக்கி நிறுத்திட்டாவ. நான் உக்காந்தமானிக்கே முந்திய இழுத்து இடுப்புல சொருவுதேன்... அப்பதான் வந்து இடிச்சான்.”

“சரி, சரி. முந்தானை கதையெல்லாம் வேண்டாம்.”

நான் அடித்தது இரண்டே வரி. ‘என் கணவர் வண்டியைச் சாலையின் இடது ஓரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் வந்த லாரி எங்கள்மீது மோதியது.’

நிறுத்தியது எப்படித் திருப்பியது ஆயிற்று? அதற்கு முந்தைய வாரம் வேறொருவருக்கு அடித்த பத்திரத்தைத் திறந்து, பெயரையும் இடத்தையும் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வரி அதில் ஏற்கெனவே இருந்தது. ஏறக்குறைய இதேதானே என்று விட்டுவிட்டேன். ஏறக்குறைய! ஒரு மனிதரின் கால் போயிருக்கிறது, எனக்கு ஏறக்குறைய போதுமாக இருந்தது!

“ஒருக்கா வாசிச்சுக் காட்டுதியளா அக்கா?” என்று அவள் கேட்டாள்.

கேட்டாள். நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன் மொழியில் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே ஒப்பமிடுவது அவளுடைய உரிமை. அப்படி ஓர் உரிமை இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகக் கேட்டாள். அதைத் தினமும் கையாள்கிற நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நீ சொன்னதுதான் இருக்கு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடு.”

போட்டாள். தமிழில், தெளிவான கையெழுத்தில். கச்சேரிக்கு நான் நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

பிறகு தீர்ப்பாயத்தின் இழுத்தடிப்பு. இன்று நீதிபதி விடுப்பு, அடுத்த முறை இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, அதற்கடுத்த முறை ஏதோ ஒரு மருத்துவச் சான்று வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எஸ்தர் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். எனக்குத்தான் எரிச்சல் வரும். அவளுக்கு வராது. ஒரு தரமாவது சத்தம் போட்டிருக்கக் கூடாதா இந்தப் பெண்!

கடைசியில் குறுக்கு விசாரணை வந்தது. நான் எங்கள் வக்கீலுக்கு நேர் பின்னால் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கணவர் சிக்னல் காட்டாமல் திடீரென்று திருப்பினார், அப்படித்தானே என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“காடி கடீ தீ, சாப்! சல் நஹீ ரஹீ தீ!” என்றாள் எஸ்தர். வண்டி நின்றிருந்தது, ஓடவே இல்லை என்று தன் பம்பாய் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் நிதானமாகப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். இந்தக் கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். தமிழில் வாசித்துக் காட்டினார்களா? எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கலாமா என்று யோசித்தாளோ, நான் எழுந்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாளோ... “ஹாங் சாப்” என்று ஒப்புக்கொண்டாள்.

அப்படியானால் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது நின்றிருந்தது என்று மாற்றிப் பேசுகிறீர்கள் என்றார் அவர். அவளைப் பொய்க்காரி ஆக்க அவருக்கு அந்த ஒரு தாள் போதுமாக இருந்தது.

எங்கள் வக்கீல் குனிந்து என்னிடம் முணுமுணுத்தார். அன்றைக்கு இவள் உன்னிடம் என்ன சொன்னாள்?

அந்த நொடி இருந்ததே... நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று ஒரே வாக்கியம் போதும். அவர் அங்கேயே எழுந்து ஏதாவது செய்திருப்பார். என் வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். “பத்திரத்தில் இருப்பதைத்தான் சொன்னாள்” என்றேன். முதலில் நடந்தது சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொண்டாலும், இதற்கு என்ன பெயர் வைப்பது?

தாழ்வாரத்தில் எஸ்தர் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, நிறுத்திட்டாவன்னு நான் அன்னைக்குச் சொல்லலியா?”

“எனக்கெப்படிம்மா ஞாபகம் இருக்கும்? எத்தனை கேஸ் பாக்கறேன்!”

“இல்ல... சொன்ன மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்.”

தீர்ப்பில் பாதித் தவறு மோட்டார் சைக்கிள் ஓட்டியவருடையது என்று எழுதி, நஷ்டஈட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மனுதாரரின் சொந்தப் பத்திரமே இதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. அதாவது, என் வாக்கியம்.

உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நம் காகிதமே நமக்கு எதிராக இருக்கிறது, பயனில்லை என்றார் வக்கீல். மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு உண்டு. தவறு என்னுடையது என்று அதற்குள் நான் எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை ஏதாவது நடந்திருக்கும். நான் என்ன செய்தேன்? நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெடு முடிந்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. ஆம், நிம்மதி! அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்கத் தாராவிக்குப் போனேன். ஆபீஸ் பையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜெபராஜ் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து வலது காலால் மட்டும் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் சுவரோரம் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தையலை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எஸ்தர் டீ போட அடுப்புப் பக்கம் போனாள்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். இவ சொன்னதெல்லாம் ஒங்ககிட்டதானே சொன்னா? எனக்குத்தான் அன்னைக்குள்ளது ஒண்ணுமே ஞாபகத்துல இல்ல. நான் வண்டியத் திருப்பினேனா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“திருப்பித்தான் இருப்பேன். வண்டி நின்னுச்சுன்னு கோர்ட்டுல இவ எனக்காவப் பொய் சொல்லிருக்கா. எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு. இவ தோளு போனதும் என்னாலதான். இன்னிக்கும் இவளால தண்ணிக் கொடத்தத் தூக்க முடியல.”

அடுப்படியிலிருந்து எஸ்தரின் குரல் வந்தது. “விடுங்க, யாரு என்ன செய்ய. எனக்கும் இப்பம் சரியா ஞாபகம் இல்ல.”

அவளுக்குமா! முந்தானையை இடுப்பில் சொருகியது வரை சொன்னவளுக்கு... அந்த வீட்டில், விபத்தன்று நடந்தது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் இப்போது நான்தான் என்று அப்போது உறைத்தது.

ஜெபராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சொல்லுங்க மேடம்.”

“பேப்பர்ல அப்படித்தான் இருக்கு” என்றேன்.

அவர் தலையாட்டினார். மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளம்பும்போது எஸ்தர் பெரிய சாலை வரைக்கும் கூடவே வந்தாள். போக்குவரத்து நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் சரியாக இருக்கும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்து வாங்க அக்கா. லாரிக்காரன் நாம நிக்கோமா நடக்கோமான்னு பாக்கவா போறான்.”

சாலையைக் கடக்கிறவரை அவள் என் கையை விடவில்லை. சொல்லிவிட அத்தனை நேரம் இருந்தது. மறுபுறம் போய்ச் சேர்ந்ததும், நேரமாச்சு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.