கழுவிய பின் மிஞ்சிய ஆர்.என்.ஏ.

மதுரையில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்த நாட்களில், அடுத்த மேசையில் ஒரு தோழி இருந்தாள். கீழக்குயில்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். நான் ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பாதி வேலையை முடித்திருப்பாள்.

மனித செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் என்னென்ன சிறிய ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. டி.என்.ஏ.விலிருந்து நகலாகும் ஆர்.என்.ஏ.க்களில், புரதம் எதையும் உருவாக்காத, மிகக் குட்டையானவை. இரண்டாம் ஆண்டில் முதல் பட்டியல் கைக்கு வந்தது. பக்கம் பக்கமாக நீண்டது. ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் மகிழ்ந்துபோய், கருத்தரங்குக்கு அனுப்பச் சொன்னார். அப்பாவுக்குப் போன் செய்து பெருமையடித்துவிட்டேன்.

தோழி பட்டியலை நிதானமாகப் புரட்டினாள்.

“ஏ புள்ள, இம்புட்டும் உள்ளதான் இருந்துச்சா, இல்ல வெளிய ஒட்டிக்கிட்டு வந்துச்சா?”

“மைட்டோகாண்ட்ரியாவத் தனியாப் பிரிச்செடுத்துத்தானடி பாத்தேன்?”

“பிரிச்ச, சரி. மேல ஒட்டுனதக் கழுவுனியா?”

கழுவவில்லை. கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே அவள் மேசைக்குப் போய் நின்றேன். “வா, செஞ்சு பாத்துருவோம்” என்றாள், எதுவுமே நடக்காததுபோல.

ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி ஒன்று உண்டு. நம் விரல் வியர்வையிலேயே இருக்கும். அதற்குப் பயந்துதான் கையுறையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். அந்த நொதியையே அவள் வேண்டுமென்று மைட்டோகாண்ட்ரியாவோடு கலந்தாள். செல்லின் மற்ற பகுதிகளிலிருந்து வந்து வெளியே ஒட்டியிருப்பது அழியும். நொதி நுழைய முடியாத சவ்வுக்குள் இருப்பது தப்பிக்கும். பிறகு நொதியை முடக்கிவிட்டு, உள்ளே இருந்ததை எடுத்தோம். தன் சோதனைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இதை மூன்று முறை திரும்பச் செய்தபோதும் என்னோடு நின்றாள்.

புதிய பட்டியலில் பெரும்பகுதி காணவில்லை. நான் அழுதுவிட்டேன்.

“அழுவாத. நிக்கிறதப் பாரு. எம்புட்டு உறுதியா நிக்குது!”

பார்த்தேன். மிஞ்சிய கொஞ்சத்தில் பல, மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.விலிருந்தே பிறந்தவை. பேராசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னோம். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தவர், “பழச எடுத்துட்டு இதையே போடும்மா” என்றார்.

கருத்தரங்கில் எழுந்த முதல் கேள்வியே, இவை உள்ளேதான் இருக்கின்றன என்று எப்படித் தெரியும் என்பதுதான். நொதியால் கழுவிப் பார்த்ததைத் தெளிவாகச் சொன்னேன். கடைசி வரிசையில் அமர்ந்து தோழி எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நெருங்கிய ஒருவரின் முகத்துக்கு நேராக அப்படியொரு கேள்வி கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.