நடுவிலிருந்து ஐந்து பக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தார். எங்கள் கம்பெனிப் பேருந்தில் பென்னலூரில் ஏறுகிறவர். அசெம்ப்ளி லைனில் லீடர். விடுமுறை நாளில் அவர் என்னை அழைத்ததே இல்லை. "சார், முத்து செத்துட்டான் சார்" என்றார். "நாளைக்கு பஸ்ல பேசிக்கலாம் ஸ்டெல்லா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்து நான்காக மடித்தேன். மடித்து முடித்த பிறகுதான் அவர் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது.

திரும்ப அழைத்தேன். "இன்னா சார், பாதில வச்சிட்ட?" என்றார். அழுதுகொண்டிருந்தார், கோபமும் இருந்தது. "ரூம்ல தண்ணி புடிச்சிகினு இருந்தானாம். நெஞ்ச அடைக்குதுன்னு கொடத்த வச்சிட்டு ஒக்காந்தானாம். ஷேர் ஆட்டோல ஏத்திகினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சாம்." முத்துவுக்கு முப்பத்துநான்கு வயது. அன்று மாலையே வண்டி வைத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை.

முத்துவை நம் பேருந்தில் வந்தவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் இசக்கிமுத்து, நாங்குநேரிப் பக்கம். ஒரகடத்தில் கார் பிரேக்குக்கான பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். நான் அங்கே ஆவணப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி, சட்டம் போட்டு, அந்த வேலையைச் செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டுவது என் பணி. அஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். யாரோ ஓய்வுபெற்ற அதிகாரியைப் பற்றிய கட்டுரை போல் இருந்ததால் அழித்துவிட்டேன்.

பேருந்து பூந்தமல்லியில் புறப்படும். நான் தண்டலத்தில் ஏறுவேன், அடுத்து பென்னலூரில் ஸ்டெல்லா, ஸ்ரீபெரும்புதூரில் முத்து. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை எங்களுடையது. ஒரகடம் போய்ச் சேரும் வரை புத்தகப் பேச்சுதான். மற்ற வரிசைகளில் தூங்கினார்கள் என்பதால் எங்களுக்கு எதிர்க்கட்சி இல்லை. ஸ்டெல்லா மாத நாவல்களின் வாசகர். எந்தப் புத்தகமானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவார். "கதாநாயகி சாவறான்னா மொதல்லயே அழுது முடிச்சிடலாம் சார். அப்பால நிம்மதியா படிக்கலாம்" என்பார். நான் பென்சிலோடு படிக்கிறவன். பிடிக்காத வரிகளை மட்டும் அடிக்கோடு இடுவேன். ஓட்டுநர் ஏகாம்பரம் எதையும் படித்ததில்லை. எல்லாப் புத்தகத்தைப் பற்றியும் அவருக்குத் திடமான கருத்து இருந்தது. விமரிசகராகப் பெயர் எடுத்திருக்க வேண்டியவர்.

முத்துவின் முறை வேறு. பெட்டி பெட்டியாக வரும் நட்டுகளில் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருக்க முடியாது. ஐந்தை எடுத்து அளப்பார்கள். ஐந்தும் சரியாக இருந்தால் பெட்டி உள்ளே போகும். ஒன்று தவறினாலும் பெட்டியே திரும்பிப் போகும். முத்து நாவல்களையும் இப்படித்தான் படித்தான். ஐந்து பக்கங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தொட மாட்டான்.

"மேல் அடுக்குல நல்ல பீஸா வச்சிருப்பான் வே. அடியிலயும் நாலு நல்லது கெடக்கும். கையை நடுவுல விட்டு எடுக்கணும். எழுதுதவனும் சப்ளையர்தான?"

"நாவல் என்ன நட்டாய்யா?" என்று கேட்டேன்.

"நட்டுல ஒண்ணு தப்புன்னா பிரேக் புடிக்காது. நாவல்ல ஒண்ணு தப்புன்னா என்ன ஆவும்? ஒண்ணும் ஆவாது. அதுக்கே அஞ்சு பக்கம் பாக்கேன்லா. அது சாஸ்தி."

இதற்கு நான் சொன்ன பதில் நீளமானது. அதில் அழகியல் என்ற சொல் பலமுறை வந்தது. அவன் நடுவில் ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டுவிட்டு ரிஜெக்ட் என்றான்.

எனக்கு மிகவும் பிடித்த அறுநூறு பக்கக் குடும்ப நாவல் ஒன்றை ஒருமுறை அவனிடம் கொடுத்தேன். ஸ்ரீபெரும்புதூரில் வாங்கியவன் வல்லம் வருவதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டான். "இருநூறாம் பக்கத்துல ஒருத்தி காப்பி போடுதா. நானூறாம் பக்கத்துலயும் அவளே போடுதா. இருநூறு பக்கமா அந்த வீட்டுல வேற ஆளே கெடைக்கலயா வே? ரிஜெக்ட்."

ஸ்டெல்லா ஜன்னலிலிருந்து திரும்பினார். "எங்க வூட்ல இருவது வருசமா நான்தான் போட்டுகினு கீறேன். இதுல இன்னா தப்பு கண்ட நீ? பாஸ் பண்ணு."

முத்து கொஞ்சம் யோசித்தான். "ஃபீல்டுலேர்ந்து ரிப்போர்ட் வந்தா ஏத்துக்கிடணும்லா" என்று அந்த நாவலை ஏற்றுக்கொண்டான். அந்த நூலுக்குக் கிடைத்த மதிப்புரைகளில் நேர்மையானது இதுவே என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று, பழைய புத்தகக் கடையில் அவனே எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவல். கடைசி நாற்பது பக்கம் இல்லை. முடிவைப் படிக்க வழியில்லாததால் ஸ்டெல்லா அதைத் தொடவே மறுத்தார். முத்து பாஸ் போட்டான். "கெடைச்ச பக்கமெல்லாம் ஓகே. கெடைக்காத பக்கத்துக்கு சப்ளையர்தான் பதில் சொல்லணும்" என்றான்.

அவன் ரிஜெக்ட் செய்த ஒவ்வொரு புத்தகத்தையும் அடுத்த வாரத்துக்குள் நானும் ஸ்டெல்லாவும் வரிவரியாகப் படித்திருப்போம், அவன் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காக. ஏகாம்பரம் சிக்னலில் நிற்கும்போது கதை கேட்பார். ஆறு ஆண்டுகளில் நான் அதிகம் படித்தது அவனைத் தோற்கடிக்கத்தான். இது அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஆறு ஆண்டுகள் இருந்தன.

இனி நான் சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் என் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. நூற்று அறுபது பக்கம். மூன்றாவது வரிசைக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். முத்து வழக்கம்போல ஐந்து பக்கம் எடுத்தான். நான் சாலையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பக்கங்களுக்குத் தலையசைத்தான். ஐந்தாவது, எண்பத்தெட்டாம் பக்கம். அதில் ஒரு தொழிலாளி திருகின் மரையை, அதாவது அதன் சுருள் வரிகளை, வெர்னியர் அளவுகோலால் அளப்பான்.

"மரையை எவன்வே வெர்னியர்ல அளப்பான்?" என்று முத்து சிரித்தான். "அதுக்குத்தான த்ரெட் கேஜ் இருக்கு? திருகு அதுக்குள்ள போவுதா நிக்குதான்னு பாக்கணும். ஓய், அந்த ஷீட்டை எழுதி எங்க தலைக்குப் பின்னால மாட்டுனதே நீருதான?"

அவன் சொன்னது சரி. அந்தத் தாளை எழுதியவன் நான். பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் விழித்துச் சிரித்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

"ஒரு புத்தகத்தையாவது முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சிருக்கியா நீ?" என்றேன். "நட்டு எண்ணுறவனுக்கெல்லாம் புத்தகம் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

ஏகாம்பரம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார் இப்டி பேசற" என்றார் ஸ்டெல்லா, மெதுவாக. முத்து புத்தகத்தை மூடிச் சாப்பாட்டுப் பையில் வைத்தான். "சரி சார்" என்றான். ஆறு ஆண்டுகளாக என்னை 'வே' என்று கூப்பிட்டவன்.

மறுநாள் ஏறியவன் எங்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனான். நடுவில் வந்த ஞாயிறு போகப் பதினோரு நாட்கள் அங்கே உட்கார்ந்து வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பது ஒரு முழுநேர வேலை என்பதை அந்த நாட்களில் அறிந்தேன். பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் பேருந்து நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். ஏகாம்பரம் வண்டியை எடுக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. பின்னால் லாரிகள் ஒலி எழுப்பின. முன்னெல்லாம் முத்து தாமதமாக ஓடிவரும் நாட்களில் இப்படி நிற்போம். "இந்தத் திருநெல்வேலி மெயிலு எப்பவும் லேட்டுதான்" என்று ஏகாம்பரம் திட்டுவார். அன்று அவர் கை கியரிலேயே இருந்தது. கடைசியில் ஸ்டெல்லாதான், "எடு நைனா" என்றார். தொழிற்சாலையில் அறிவிப்புப் பலகைக்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். பலகையில் ஏறும் எந்தத் தாளுக்கும் ஆவண எண் வேண்டும் என்பது விதி. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். எண் போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை ஷிப்டு முடிந்ததும் நானும் ஸ்டெல்லாவும் அவன் அறைக்குப் போனோம். நான்கு பேர் தங்கும் அறை. ஊர்க்காரன் பாண்டி அவனுடைய பொருட்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அந்த எழுத்தாளரு நீங்கதான?" என்று கேட்டு, என் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். "ரெண்டு வாரமா இதத்தான் வச்சிக்கிட்டுக் கெடந்தான். தனியா சிரிப்பான். ஒருநா, ஏம்லே அதிசயமா மொதப் பக்கத்துலேர்ந்து படிக்கேன்னு கேட்டேன். 'கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்துட்டுலே. நூறு பர்சென்ட் பாக்கணும்'னான்."

தொழிற்சாலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதை விளக்க வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்துவிட்டால் ஐந்தை எடுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை. கிடங்கிலுள்ள ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் குறி இட வேண்டும். சலிப்பூட்டும் வேலை. யாரும் விரும்பிச் செய்வதில்லை. நான் பேருந்தில் கத்தியதை முத்து புகாராகப் பதிவு செய்துகொண்டிருக்கிறான். புகார் கொடுத்தவன் யார், எந்தத் தொனியில் கொடுத்தான் என்பதெல்லாம் விதியில் இல்லை.

புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்தின் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு டிக். இரண்டாம் பக்கத்தில் ஒன்று. மூன்றாம் பக்கத்தில் ஒன்று. எண்பத்தெட்டாம் பக்கத்தில் 'வெர்னியர்' என்பதை அடித்து, மேலே 'த்ரெட் கேஜ்' என்று எழுதி, அதன் பிறகு டிக் போட்டிருந்தான். தவறான துண்டைத் தூக்கி எறியாமல் சரிசெய்து அனுப்பியிருக்கிறான். தொண்ணூற்றாறு வரை டிக் இருந்தது. தொண்ணூற்றேழில் இல்லை.

ஸ்டெல்லா புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை. "கடைசியையாச்சும் பாத்திருக்கலாம்ல சார் அவன்" என்றார். பாண்டி பையின் வாயைக் கட்டினான்.

எல்லா அஞ்சலிகளிலும் எழுதுகிறவர் தன்னிடம் எஞ்சியிருப்பதைச் சொல்வார். என்னிடம் இருப்பது அவன் பார்த்துக் கொடுத்த தொண்ணூற்றாறு பக்கங்கள். அதோடு அவனுக்குப் போய்ச் சேராத மூன்று வாக்கியங்களும் இருக்கின்றன. சனிக்கிழமை தண்டலத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, திங்கட்கிழமை கடைசி வரிசைக்கு எழுந்துபோய்ச் சொல்வதற்காக அவற்றைத் தயாரித்திருந்தேன். முதலாவது, நான் ஏன் அப்படிப் பேசினேன் என்ற விளக்கம். மூன்றாவது, நிலைமையை இலகுவாக்க ஒரு கேலி. மன்னிப்பை இரண்டாவதாக வைத்திருந்தேன், முத்து எப்போதும் நடுவிலிருந்துதான் எடுப்பான் என்ற தைரியத்தில். அதற்குள் அவன் முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டான் என்பது எனக்குத் தெரியாது.

இப்போது விளக்கத்தை எடுத்துவிட்டேன். கேலியையும் எடுத்துவிட்டேன். ஒரு வாக்கியம்தான் மிச்சம். எங்கிருந்து எடுத்தாலும் அதுதான் வரும்.