ஹனாவின் கதைக்கு ஓர் ஆள்

ஒன்பது வருடங்களாக எமில்டா ஒரே கதையைக் கேட்டு வருகிறார். கதை அவருடையதல்ல, சம்பந்தி மிரியத்தின் தாய் ஹனாவுடையது. ஹனா இறந்த நாளையொட்டி வரும் மார்ச் ஞாயிறு மதியம், பாதர்ஸ்ட் வீதியிலுள்ள மிரியத்தின் வீட்டில் மெழுகுதிரி ஏற்றிவைத்து எல்லோரும் சாப்பிடுவார்கள். மிரியம் கதை சொல்லுவார். யூதர்கள் நண்டு, இறால் தொடமாட்டார்கள் என்று தெரிந்த நாள்முதல் எமில்டா மீன் கட்லட்டோடுதான் போவார்.

எமில்டாவின் ஆங்கிலம் வீட்டுக்குப் பக்கத்து மோர்னிங்சைட் கடைகளோடு நின்றுவிடும். ஆகவே மகன் மாக்கஸ் பக்கத்திலிருந்து காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். அவரும் சும்மா கேட்கமாட்டார். "உந்தக் குழிக்குள்ளை ஒளிச்சிருக்கேக்கை இருமல் வந்தால் என்ன செய்தவையாம்? கேள்!" போர்க்காலத்தில் ஊர்காவற்றுறையில் பங்கருக்குள் பதுங்கி இருந்தவருக்கு இப்படித்தான் கேள்வி வரும்.

மிரியத்தின் பிள்ளைகளுக்குக் கேள்வியே கிடையாது. ஹனா என்றதும் மகன் டானியலின் கை தானாக ஃபோனுக்குப் போகும்.

இம்முறை மிரியம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "எனக்கு எழுபத்திரண்டு வயது. அடுத்த வருடம் உங்களில் ஒருவர்தான் சொல்லவேண்டும்."

பாதியில் அழுதுவிடுவேன் என்றாள் மாக்கஸின் மனைவி நயோமி. அவளுடைய தம்பி டானியல், வேலை என்றான். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலையோ!

மிரியம் தொடங்கினார். போலந்து, 1943. பன்னிரண்டு வயது ஹனாவையும் தாயையும் நாஜிகளிடமிருந்து ஒளித்து வைக்க ஒரு விவசாயி சம்மதிக்கிறான். கொட்டிலில் தரைப் பலகையைத் தூக்குகிறான், அடியில் ஒரு குழி. இனி மேலே மாடுகள், கீழே அவர்கள்.

எமில்டா மகனை இடித்தார். "என்னடா பிழையாச் சொல்லுறாய்? ஆடெல்லோ?"

"அவ மாடெண்டுதான் சொல்லுறா, அம்மா."

"உனக்கென்ன விசரே? மாடெண்டால் மிதிச்சே பலகை உடைஞ்சிருக்கும். ஆடு! அதிலை ஒண்டு நொண்டி."

காதுக்குள் சொன்னதாகத்தான் அவருக்கு நினைப்பு. வீடு முழுக்கக் கேட்டது.

"அம்மா அது ஆடு என்கிறா," என்றான் மாக்கஸ், மெல்ல.

மிரியம் வாயைப் பொத்திக்கொண்டார். டானியல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். தன் அம்மா கதையையே மறந்துவிட்டார், அதை அவன் கவனிக்கவுமில்லை.

"ஆடுதான்," என்றார் மிரியம். "மிச்சத்தை நீ சொல்லு, எமில்டா."

எமில்டா தமிழில் சொன்னார், மாக்கஸ் ஆங்கிலமாக்கினான். சிப்பாய்கள் கொட்டிலுக்குள் வந்த இடத்தில் அவர் குரல் தாழ்ந்தது. ஹனா தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து இருமலை அடக்கினாள். மேசையில் ஒருவரும் கரண்டியை அசைக்கவில்லை.

அவர் முடித்ததும் நயோமிக்குப் பொறுக்கவில்லை. "அந்த நொண்டி ஆட்டுக்குப் பெயர் இருந்தது! அதை மாமி விட்டுவிட்டார். அது என்னுடைய அம்மம்மாவின் கதை!"

மாக்கஸ் தமிழில் சொன்னான். "எல்லாம் தெரியும் கள்ளிக்கு," என்றார் எமில்டா. இதை அவன் ஆங்கிலமாக்கவில்லை.

வருகிற மார்ச்சில் முதற்பாதியை நயோமி சொல்லப்போகிறாள். மற்றப் பாதி எமில்டாவுக்கு.