செங்கம்மாளுக்குத் தெரியாத சிவப்பு

தில்லி மாயாபுரியின் பழைய உலோகக் கிடங்குகளில் செங்கம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. மின் நிலையங்களில் கழித்துப் போட்ட டர்பைன் பிளேடுகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். நிக்கல் கலவை தனி, எவர்சில்வர் தனி என்று பிரித்துக் கொடுத்தால்தான் உருக்காலைக்காரர்கள் வாங்குவார்கள். காந்தம் இரண்டையுமே இழுக்காது. சாணைச் சக்கரத்தில் லேசாக வைத்து, பறக்கும் பொறியைப் பார்க்க வேண்டும். குட்டையாக, மங்கிய சிவப்பில் வந்தால் நிக்கல். நீண்டு மஞ்சளாகப் பறந்தால் எவர்சில்வர். பதினாறு வருடங்களாக அந்தச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தவள் அவள்.

தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்தபோது அவளுக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை. கணவனும் போய்விட்டான். ஒரு வாடகை அறையும் இந்த வேலையும்தான் மிச்சம். அதனால்தான் இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததை அந்தப் பாவி மகள் யாரிடமும் சொல்லவில்லை!

ஒரு திங்கட்கிழமை, உருக்காலையிலிருந்து ஒரு டிரம் திரும்பி வந்தது. நிக்கலுக்குள் எவர்சில்வர் கலந்திருந்ததாம். மேற்பார்வையாளன் பத்ரி, சேர்ந்து மூன்றே மாதமான தமிழ்ச்செல்வியிடம் நேராகப் போனான்.

"மேடம் ரீல்ஸ் பாத்துக்கிட்டே பிரிச்சீங்களோ? இனிமே வீட்லயே உக்காந்து பாருங்க. ஜல்தி, கிளம்பு!"

"சத்தியமா நான் அந்த டிரம்மைத் தொடவே இல்லண்ணா!"

அதை நிரப்பியவள் செங்கம்மாளேதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், யாரும் அவளைச் சந்தேகிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் விசும்பலைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பாள்?

"தம்பி, அது என் டிரம்மு."

பத்ரி சிரித்தான். "உங்களுக்கு இரக்கம் ஜாஸ்திக்கா. உங்க கண்ணு தப்புமா?"

"எதையாவது எடுத்துச் சக்கரத்துல வையேன்."

வைத்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெளிறிய மூட்டம்.

"சிவப்பு" என்றாள். "நிக்கல்."

தமிழ்ச்செல்வியின் அழுகை நின்றது. பத்ரி விளையாட்டாகப் பிடித்திருந்தது, தன் டிபன் டப்பாவிலிருந்த எவர்சில்வர் ஸ்பூன்.

சக்கரத்தை அணைத்தான். "எத்தனை நாளாக்கா?"

"தீபாவளியிலேருந்து."

அவளை ஏறிட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை. "தமிழ்ச்செல்வி, இனிமே சக்கரத்துல நீ உக்காரு" என்று மட்டும் சொன்னான்.

"எங்கிட்ட மட்டும் சொல்லிருந்தா, நான் கலர் பாத்துச் சொல்லிருப்பேனேக்கா!" என்றாள் தமிழ்ச்செல்வி.

"சொல்லிருப்ப. ரெண்டு பேரையும் சேத்துல்ல தொரத்திருப்பான்" என்றாள் செங்கம்மாள், பொறி படாமலிருக்கப் போடும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

அவள் வந்து நின்ற நிறுத்தத்தில் பேருந்துகள் வந்து வந்து போயின. இத்தனை மாதமும் யாரிடமும் கேட்காமல் ஊகத்தில் ஏறி, எங்கெங்கோ இறங்கி நடந்தே அறைக்குத் திரும்பியவள் அவள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இந்தியில் கேட்டாள்: "எனக்குக் கண் தெரியாதம்மா. இது எத்தனாம் நம்பர் பஸ்?"