திருநெல்வேலியில் செய்து குருநகருக்குக் கொண்டுபோன கண்ணாடிக் கட்டி

சென்ற மாதம் நான்கு நாட்கள் யாழ்ப்பாணம் போய் வந்தேன். கோட்டை, கடற்கரை, ஒடியற்கூழ் என்று எழுதுவேன் என நினைத்து வந்தவர்கள் இப்போதே பக்கத்தை மூடிவிடலாம். ஒளி பட்டால் நிறம் மாறும் பொருளைக் கொண்டு ஒரு மனிதரின் முப்பரிமாண உருவத்தைச் செய்வித்து எடுத்துப்போன பயணம் இது. அதே வேலையாக அங்கே போக இருக்கும் சிலர் விபரம் கேட்டு எழுதியிருந்தார்கள். சந்தோசமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா.

குருநகரில் இருக்கும் என் அக்கா ரெஜினாவின் கணவர் அன்ரன், என் அத்தான். போன வருடம் தனியாகக் கடலுக்குத் தொழிலுக்குப் போனார். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. உடல் கிடைக்கவில்லை. சேமக்காலையில் மற்றவர்களுக்கெல்லாம் மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறை இருக்கிறது. அக்காவுக்கு அதுவும் இல்லை. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்த படத்தையும் ஒரு கிழமையில் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "மனிசன் இப்பிடித் தட்டையா இருக்கேல்லையடா தம்பி" என்றார். நான் கொழும்பில் விளம்பரப் பலகை செய்பவன். இந்தப் புதுப் பொருட்கள் பற்றி அரைகுறையாகத் தெரியும். ஓராண்டுத் திருப்பலிக்கு முன் அத்தானைத் தட்டையில்லாமல் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை 5.45க்குக் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயில். இரண்டாம் வகுப்பு 2,800 ரூபா. யாழ்ப்பாணத்தில் 1.10க்கு இறக்கிவிட்டது, ஐம்பது நிமிடத் தாமதம். வழி முழுக்க மழை மூட்டம். பஸ் நிலையத்திலிருந்து பலாலி வீதி பஸ்ஸில் நான்கு கிலோமீற்றர் போனால் திருநெல்வேலிச் சந்தை, யாழ்ப்பாணத்திலும் அந்தப் பெயரில் ஒரு ஊர் உண்டு. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சிவகௌரியின் வாடகை அறை. இரசாயனம் படித்த உடுவில் பெண். வேலை கிடைக்காததால் சொந்தமாகவே இதைச் செய்கிறார். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து, ஒரு மங்கல் சிவப்பு மின்குமிழை மட்டும் எரியவிட்டிருந்தார். உள்ளே பத்து நிமிடம் இருந்தால் வெளியே பகலா இரவா என்பதே மறந்துபோகும்.

செய்முறை எனக்கு விளங்கிய அளவில் இதுதான். கண்ணாடி போலத் தெளிந்த பிசின் கட்டி, ஒரு அடி உயரம். அதற்குள் நிறம் மாறும் சாயம் கலந்திருக்கிறது. புற ஊதாக் கதிரை இரண்டு பக்கத்திலிருந்து உள்ளே விட்டால், இரண்டும் சந்திக்கும் புள்ளி மட்டும் கத்தரிப்பூ நிறமாகும். அப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து ஒரு உருவம். ஒரு கலியாண வீட்டில் அத்தானைச் சுற்றிவர எடுத்த வீடியோவை முன்பே அனுப்பியிருந்தேன். வெள்ளி பின்னேரம் நாலரைக்கு வேலை முடிந்தது. கட்டிக்குள் அத்தான் இடுப்பிலிருந்து தலைவரை நின்றார். நான் சுற்றிவந்து பார்த்தேன். காதுக்குப் பின்னால் இருந்த மறுகூட வந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"அண்ணை, ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ" என்றார் சிவகௌரி. "ஊதாக்கதிர் உருவத்தைக் கீறும், சாதாரண வெளிச்சம் அழிக்கும். ஒவ்வொருக்காப் பாக்கேக்கையும் கொஞ்சம் குறையும். சிவப்பு லைற்றில ஐஞ்சு நிமிசம், பிறகு பெட்டிக்குள்ள. வெயில் பட்டால் முழுக்கட்டியும் பழுது."

கறுப்புத் துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் குருநகருக்குப் போனேன். ஆறு கிலோமீற்றர், 700 ரூபா.

"உள்ளுக்க என்ன அண்ணை, கேக்கோ?" என்று சாரதி கேட்டார்.

"இல்லை, என்ரை அத்தான்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். அதன் பிறகு குருநகர் வரை பள்ளம் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயிலில் திருப்பலி. ஒன்பதரைக்கு வீட்டில் செபம். அறை யன்னல்களை நானே போர்வையால் மூடி, சிவப்புக் குமிழைப் போட்டு, மேசையில் கட்டியை வைத்தேன். செபமாலை சொல்லி முடியுமட்டும் கட்டி வெளியே இருக்கட்டும் என்று அக்கா கேட்டார். சிவகௌரி சொன்ன ஐந்து நிமிடத்தை நான் அங்கேயே காற்றில் விட்டேன். வந்தவர்களிடம் கைத்தொலைபேசிகளை வாங்கி ஒரு ஓலைக் கடகத்தில் போட்டேன். ரோர்ச் அடிக்கக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். இவ்வளவு கவனமாக இருந்த மடையன், பிறகு நெருப்புப் பெட்டியை எடுத்துக் கட்டிக்கு முன்னால் முதல் மெழுகுதிரியைக் கொளுத்தினேன்.

எங்கள் சனத்துக்கு அது வெளிச்சமே இல்லை. செத்தவர் படத்துக்கு முன்னால் திரி எரியாவிட்டால்தான் குறை. எனக்குப் பிறகு அத்தானின் தாய் கொளுத்தினார், அத்தானோடு தொழில் செய்தவர்கள் கொளுத்தினார்கள், வந்தவர்கள் எல்லோருமே கொளுத்தினார்கள். முப்பது திரிக்கு மேல் இருக்கும். அக்கா மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். நான் குசினியில் தேத்தண்ணி பார்க்கப் போனேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது செபம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். கட்டி தெளிந்த தண்ணீர்போல இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

சிவகௌரிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் மெழுகுதிரி எண்டு சொல்லேல்லைத்தானே" என்றார். பிறகு, "கோப்பு இருக்கு, கொண்டுவாங்கோ, ரெண்டு நாளில திரும்பக் கீறித் தாறன்" என்றார்.

செய்விக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: வீடியோ சுற்றிவர எடுத்ததாக இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பின்புறம் வராது. குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் போவது நல்லது, வெயில் பயம் குறைவு. பெட்டியை ரயிலில் மேல் தட்டில் வைக்கவேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடம் "வெளிச்சம் கூடாது" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள், குத்துவிளக்கு, மெழுகுதிரி, கற்பூரம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை கட்டியைப் பெட்டிக்குள் வைத்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டேன். அக்கா பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"வேண்டாம் தம்பி."

"என்ரை பிழைதான் அக்கா. ரெண்டு நாளில திரும்ப வந்திடும்."

"நீ முதல் திரி கொளுத்தேக்கையே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை உனக்குச் சொன்னதை நீ எனக்கும் சொன்னனிதானே."

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"முகம்தான் முதல் போச்சுது. பிறகு நெஞ்சு. முதுகு கனநேரம் நிண்டது" என்றார். "அண்டைக்கு அவர் வெளிக்கிடேக்க நான் நல்ல நித்திரை. அவர் போனதை ஒருத்தரும் காணேல்லை. நேற்றைக்கு நான் பக்கத்தில இருந்தனான்."

பிறகு எழுந்து, எனக்கு ரயிலுக்குக் கட்டிக்கொடுக்கப் புட்டு அவிக்கப் போனார்.