பெரியம்மா வீட்டுக் கரண்ட் பில்

1. வரிசையில் நின்றவர்

மாத்தளை டவுனில் கரண்ட் பில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்று அதிக நாளாகவில்லை. இப்போது என் நாற்காலியில் இருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது போன் பண்ணி, "மிஸ், ஒரு ஆள் வந்து கத்துறாரு, என்ன சொல்லி அனுப்புறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்டதிட்டமெல்லாம் சர்க்குலரில் இருக்கிறது, அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது என் பெரியம்மா கதை.

அன்று திங்கட்கிழமை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வருகிறவர் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நாங்க ரெண்டு பல்புதான் மிஸ் போடுறோம், இவ்வளவு எப்படி வரும்?" அந்த ரெண்டு பல்புக்குப் பின்னால் ஒரு ஹீட்டரும் ஒரு வாஷிங் மெஷினும் ஒளிந்திருக்கும். எனக்கு அது பழகிப்போனது. கையை நீட்டினேன், அடுத்த பில் வந்தது. பெயரைப் பார்த்துத் தலையைத் தூக்கினேன். பெரியம்மா!

"ஐயோ பெரியம்மா, நீங்க ஏன் லைன்ல நிக்கிறீங்க? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"ஏன், இத்தன பேரு நிக்கல? அவங்களுக்கெல்லாம் கால் வலிக்காதா? நீ உன் வேலையப் பாரு புள்ள. எனக்கு மீட்டர டெஸ்ட் பண்ணணும். அது பொய் சொல்லுது."

பெரியம்மா ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருத்துவிச்சியாக இருந்தவர். அந்த மலையில் பாதிப்பேர் அவர் கையில்தான் பிறந்தார்கள். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அலுவிகாரையில், ஏ-ஒன்பது ரோட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு வாங்கினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையிலும் குவார்ட்டர்ஸிலும் காலம் தள்ளியவருக்கு அதுதான் முதல் சொந்த வீடு. பெரியப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார்.

பில்லைப் பார்த்தேன். நாலைந்து மாதத்துக்கு முன் வந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டிவி, ஒரு ஃபேன் இருக்கிற வீட்டுக்கு இது நியாயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மத்தியானமே அவர் மகன் ரவி வெள்ளவத்தையிலிருந்து போன் பண்ணினான். அம்மாவின் பில்லை அவன்தான் போனிலேயே கட்டுகிறான், அதனால் ஒவ்வொரு மாதமும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. அம்மாவுக்கு மறதி வந்துருச்சுன்னு நினைக்கிறேன். அயர்னப் போட்டுட்டு மறந்துர்றாங்களோ என்னவோ. ஒரு நாளைக்கு வீடே பத்திக்கிச்சுன்னா? மாசக் கடைசியில வேனோட வர்றேன். வீட்டப் பூட்டிட்டு இங்க கூட்டிட்டு வந்துர்றேன்."

"உன் ஃபிளாட்டுக்கா? எட்டாவது மாடிக்கா?"

"லிஃப்ட் இருக்கே அக்கா."

அவன் மேல் தப்பில்லை, அவன் பயம் நியாயமான பயம். ஆனால் பெரியம்மாவை அந்த வீட்டிலிருந்து எடுப்பதும் ஆளையே முடிப்பதும் ஒன்றுதான்.

2. எல்லாம் ஆஃப்

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மணி நாலு இருக்கும். மறுநாள் பௌர்ணமி, போயா லீவு, அதனால் இரவு தங்குவதாகவே பையோடு போனேன். வீட்டுக்குள் காலை வைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஜன்னல் திரை மூடிக் கிடந்தது, லைட் இல்லை, ஃபேன் இல்லை. பெரியம்மா கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு சமையலறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியம்மா இது? விழுந்து இடுப்ப ஒடச்சிக்கவா?"

"கரண்ட மிச்சம் பிடிக்கிறேன்."

"ஃபிரிட்ஜ் ஏன் ஆஃப்ல இருக்கு?"

"மத்தியானத்துலயும் ராத்திரியிலயும் நிப்பாட்டிருவேன். அதுவும் தூங்கட்டுமே."

தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளே இருந்த தயிர் புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஃபிரிட்ஜை நிறுத்தி நிறுத்திப் போட்டால் பெரிய மிச்சம் ஒன்றும் வராது, சாப்பாடு கெட்டதுதான் மிச்சம். அதன் கதவு ரப்பர் கிழிந்திருந்தது. அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இதைக் கவுண்டரில் நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன், சொந்தப் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை.

பிறகு மேசையில் பில்லை விரித்து வைத்து விளக்கினேன். நம் பில்லில் பெரிய ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், அறுபது யூனிட்டில் இருக்கிறது. அதைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. நிலையான கட்டணமும் கூடவே ஏறும். கொஞ்சம்தான் கூடியிருக்கும், பில் மட்டும் குதித்திருக்கும்.

"இது அநியாயம் புள்ள."

"அநியாயமோ நியாயமோ, நம்ம கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப எது என்னைய அந்தப் பக்கம் தள்ளுது?"

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் கேட்கும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, பில்லையும் பார்க்கவில்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சந்தேகம் வந்த வீட்டில் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. மெயினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். புது மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு லைட் இருக்கிறது. கரண்ட் ஓட ஓட அது கண்ணைச் சிமிட்டும். எதுவும் ஓடவில்லை என்றால் சும்மா இருக்கும். எல்லாம் ஆஃப் பண்ணியும் சிமிட்டினால் எங்கேயோ ஒழுக்கு.

"மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது?" என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றடியில் மோட்டார்.

"காலையில ஒரு தரம் டாங்க் நிறைய. அவ்வளவுதான்" என்றார். சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம்.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். முன் சுவரில் இருந்த மீட்டருக்கு எதிரே இரண்டு கதிரையைப் போட்டு உட்கார்ந்தோம். சிவப்பு லைட் கப்சிப். ரோட்டில் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப்போகும் லொறிகள் காது கிழியப் போய்க்கொண்டிருந்தன. பெரியம்மா ஒரு தரம் எழுந்தார், "இரு, நான் பின்னால கோழிக்கு..." என்று இழுத்தபடி உள்ளே போனார். அவரிடம் கோழியே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் லைட் சிமிட்டத் தொடங்கியது. சும்மா இல்லை, படபடவென்று. கால் மணித்தியாலம் பார்த்தும் நிற்கவில்லை. நான் எழுந்து பின்பக்கம் போனேன்.

3. கிணற்றடி

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வேலி ஓரத்தில் ஒரு பெரிய நீல பீப்பா நிரம்பி வழிந்து, வாழை மரத்தடியெல்லாம் சேறு. பீப்பாவுக்கு இந்தப் பக்கம் பெரியம்மா, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சோமா. இரண்டு பேரும் நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிங்களத்தில் யாரோ ஒருத்தியின் கல்யாணத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வழிவதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

என்னைக் கண்டதும் பெரியம்மாவின் சிரிப்பு நின்றது. சோமா, "அனே, மகள் வந்திருக்காங்களா!" என்று மகிழ்ச்சியாகக் கேட்டுவிட்டு, வாளிகளை நிரப்பிக்கொண்டு போனார். போகும்போது, "மிஸ்ஸி, பிரஷர் குளிசை மறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் மருத்துவிச்சியை எல்லோரும் கூப்பிட்ட அதே பெயரில் சோமாவும் பெரியம்மாவைக் கூப்பிடுகிறார்.

நான் மோட்டாரை நிறுத்தினேன்.

"சொல்லுங்க பெரியம்மா."

"என்னத்த சொல்ல? அவ கிணறு வத்திப்போச்சு. தண்ணி கேட்டா. தண்ணி இல்லன்னு சொல்லுவாங்களா?"

"யாரு இல்லன்னு சொல்லச் சொன்னா? பீப்பா பத்து நிமிஷத்துல நிறைஞ்சிரும். எவ்வளவு நேரம் ஓடுது?"

பெரியம்மா வாழை மரத்தடிச் சேற்றைப் பார்த்தார்.

"காலையிலயுமா?"

"காலையிலயும்தான்."

"தண்ணிக்குப் பத்து நிமிஷம், கதைக்கு ஒரு மணித்தியாலம்! மோட்டார நிப்பாட்டிட்டுக் கதைச்சா என்ன பெரியம்மா? ரவி உங்களுக்கு மறதின்னு நினைச்சுக்கிட்டு வேனோட வரப்போறான், தெரியுமா? இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

பெரியம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"மறந்து விடல புள்ள. தெரிஞ்சுதான் விட்டேன்" என்றார். "மோட்டார் ஓடினாத்தானே அவ நிப்பா. நிப்பாட்டினா வாளியத் தூக்கிட்டுப் போயிருவா."

கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பொய் கேட்டிருப்பேன், எத்தனை சாக்கு கேட்டிருப்பேன். இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெரியம்மாவுக்கு முன்னால் அழுதால் திட்டுவார்.

"வாயத் திறந்து, கொஞ்சம் இருன்னு சொல்லலாமே பெரியம்மா."

"நல்லா இருக்கு! நான் மிஸ்ஸி. எனக்கு ஆள் இல்ல, வந்து பக்கத்துல உக்காருன்னு போய்க் கெஞ்சவா? அவளுக்கும் வீட்டுல ஆயிரம் வேலை."

"அப்ப ரவி கூட எட்டாவது மாடிக்குப் போங்க. அங்க கிணறும் இல்ல, வேலியும் இல்ல, சோமாவும் இல்ல."

கடுமையாகத்தான் சொன்னேன். அன்று இரவு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. சோற்றை மட்டும் அள்ளி அள்ளிப் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் சோமா வாளியோடு வந்தார். பெரியம்மா மோட்டாரைப் போட்டார். நான் சமையலறை வாசலில் நின்று சும்மா வெங்காயம் உரித்தேன். பீப்பா நிறைந்தது. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், போய் ஸ்விட்சைத் தட்டினார். சத்தம் நின்றதும் கிணற்றடி வெறிச்சென்று ஆகிவிட்டது. சோமா வாளியை எடுக்கக் குனிந்தார்.

"சோமா," என்றார் பெரியம்மா. தொண்டையைச் செருமினார். பிரசவ அறையில் ஆண்களை வெளியே விரட்டிய குரல், இப்போது காற்று இறங்கின மாதிரி வந்தது. "கொஞ்சம் உக்காந்துட்டுப் போயேன்."

சோமா வாளியைக் கீழே வைத்தார். கிணற்றுக் கட்டில் அப்பாடா என்று உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்:

"அனே மிஸ்ஸி, எத்தனை மாதமா நின்றுகொண்டே கதைக்கிறேன், கால் விட்டுப்போச்சு. இன்றைக்காவது உட்காரச் சொன்னீங்களே."

நான் வெங்காயத்தைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த பில் அறுபதுக்கு இந்தப் பக்கம் வந்தது. ஃபிரிட்ஜுக்கு ரப்பர் மாற்றியதும் அதில் சேர்ந்ததுதான், பெருமை முழுவதும் மோட்டாருக்கு இல்லை. சமையலறை லைட் முன்பைவிட அதிக நேரம் எரிகிறது. கிணற்றடிக் கதை இப்போது தேத்தண்ணியோடு உள்ளே வந்துவிட்டது.

கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இதுதான். பில் கூடிவிட்டது என்று வயதான ஒருவர் வந்து நின்றால், எத்தனை பல்பு, எத்தனை ஃபேன் என்று கேளுங்கள். கேட்க வேண்டியதுதான். அதோடு, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். சில பதில் அங்கேதான் இருக்கும்.

ரவிக்கு விஷயம் முழுவதையும் நான்தான் போனில் சொன்னேன். பெரியம்மா சொல்ல மாட்டார்.

"அப்ப அம்மாவுக்கு மறதி ஒண்ணும் இல்லியா அக்கா?" என்று கேட்டான். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"மறதியா? நீ கடைசியா எப்ப வந்த, என்ன சட்டை போட்டிருந்த, எத்தன நிமிஷம் இருந்தன்னு எல்லாம் சொல்றாங்க ரவி."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் அக்கா," என்றான். "வேன் இல்லாம, பஸ்ஸுலயே வர்றேன்."